மாருதி 800 என்ஜினை வீட்டு வளவிலேயே இறக்கலாமா?

கேள்வி இதுதான்: பழைய மாருதி 800, நீலப் புகை தள்ளுகிறது, ஒயில் குடிக்கிறது, என்ஜினை இறக்க வேண்டும் என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்லிவிட்டார். கூலியை மிச்சம் பிடிக்க, வளவில் நிற்கும் மாமரத்தில் செயின் புளொக்கை (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியை) கொழுவி நாங்களே இறக்கலாமா?

இறக்கலாம் தம்பி. களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவில் நானும் மச்சானும் இறக்கியிருக்கிறோம், இரண்டு பேரும் மெக்கானிக் இல்லை. ஆனால் இறக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி, கம்பிரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) வைத்து மூன்று சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் தேய்ந்திருப்பது பிஸ்டன் ரிங் பக்கம், ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு பக்கம் போகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு குப்பென்று புகை வந்து நின்றுவிடுகிறதென்றால் அது பெரும்பாலும் வால்வு சீல், அதற்கு என்ஜினை இறக்கவே தேவையில்லை. ரிங் மட்டும் என்றாலும் ஹெட்டையும் கீழே ஒயில் சம்பையும் கழற்றி பிஸ்டனை மேலால் எடுத்துவிடலாம். என்னுடைய காரில் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குத் தேய்ந்து படியே விழுந்திருந்தது, போர் பண்ண, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்தெடுக்க, லேத்துக்குப் போகத்தான் வேண்டும், அதனால் வேறு வழி இருக்கவில்லை.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஆரும் பழைய 800ஐக்கூட கைவிடுவதில்லை. 2025இல் திறந்துவிட்டார்கள், சரி, புதுக் காரின் விலையைக் கேட்டால் பழைய என்ஜினை ஓவர்ஹோல் பண்ணுவதே சுகம் என்று தோன்றும்.

இனி வேலைக்கு வருகிறேன். என்ஜினைத் தூக்குவது அரை மணித்தியால வேலை. அதற்கு முன்னால் கழற்ற இருக்கிற சின்னச் சின்ன சாமான்கள்தான் இரண்டு நாளைத் தின்னும். பற்றரியில் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பற்றரியையே வெளியே எடுத்து வையுங்கள். பொனட்டைக் கழற்றும் முன் கீல் இருந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் திருப்பிப் பூட்டும்போது இடைவெளி பிசகாது. ரேடியேட்டர் தண்ணியை என்ஜின் ஆறியபிறகு வாளியில் பிடியுங்கள், நிலத்தில் விட வேண்டாம். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். பெற்றோல் ஹோஸைக் கழற்றியதும் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிடுங்கள். அன்றைக்கு வளவில் அடுப்பு மூட்டவும் வேண்டாம், பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைக்கும் மாமாவையும் அனுப்பிவிடுங்கள். அப்புறம் சோக் கேபிள், அக்சிலரேட்டர் கேபிள், கிளச் கேபிள், ஸ்பீடோ மீட்டர் கேபிள், கியர் ரொட், ஸ்டாட்டர் வயர், ஒல்டர்னேட்டர் வயர். காபரேட்டர் மொடல் என்றால் அதைச் சுற்றி ஓடும் மெல்லிய ஹோஸ்கள் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் சுற்றி இலக்கம் எழுதுங்கள், கழற்றுவதற்கு முன் போனில் படமும் எடுங்கள். ஏசி இருந்தால் கேஸ் பைப்பில் கை வைக்க வேண்டாம், கொம்பிரசரை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டி விடலாம்.

எங்களை உண்மையிலேயே வருத்தியது கறள். கடற்கரைப் பக்கத்தில் ஓடும் காருக்கு அடியில் ஒரு போல்ட்டும் ஒழுங்காகக் கழராது. சைலன்சர் பைப் மெனிபோல்டில் சேரும் இடத்து நட்டுகளுக்கு முதல் நாள் இரவே கறள் கழற்றும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிடுங்கள். நாங்கள் அவசரப்பட்டு நீளப் பைப்பைப் போட்டுத் திருக, ஒரு ஸ்டட் முறிந்து உள்ளே நின்றுவிட்டது. அந்த ஒரு ஸ்டட்டை எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

டிரைவ் ஷாஃப்டை (கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டை) இழுக்கும் முன் கியர் ஒயிலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் கையில்தான் வடியும். கீழ் போல் ஜொயின்டை விலக்கினால் சக்கரப் பக்கத்தை வெளியே இழுக்கலாம், உள் முனையை லீவரால் நெம்பினால் கியர் பெட்டியிலிருந்து கழன்று வரும். சீல் கீறாமல் நெம்ப வேண்டும்.

கியர் பெட்டியோடு சேர்த்தும் தூக்குகிறார்கள். நாங்கள் கியர் பெட்டியை ஜாக்கி வைத்து முதலில் கீழே இறக்கினோம், பாரமும் குறைந்தது, திருப்புவதற்கு இடமும் கிடைத்தது. ஒன்று கவனம், கியர் பெட்டிப் பக்கத்து மவுன்டிங்கும் என்ஜினைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. செயினை மாட்டி விறைப்பாக்கிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். செயினை என்ஜினில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள், ஒல்டர்னேட்டர் பிராக்கெட்டிலோ இன்டேக் மெனிபோல்டிலோ வேண்டாம். தொங்கும் என்ஜினுக்குக் கீழே கையோ காலோ போகவே கூடாது.

நாங்கள் நாலு விரற்கடை தூக்கியதும் காரும் சேர்ந்து எழும்பியது. மச்சான் இன்னும் இழுக்கப் பார்த்தான். வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பழைய லொறி டிரைவர் ஒருவர், "மனே, இழுக்காத, எங்கயோ ஒண்டு புடிச்சிருக்கு" என்று கத்தினார். பார்த்தால் என்ஜினிலிருந்து காரின் பொடிக்குப் (பாடிக்கு) போகும் ஏர்த் வயர், பின்னால் மறைந்து கிடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விரற்கடைக்கும் நிறுத்தி, என்ஜினை ஆட்டிப் பார்த்துத்தான் தூக்கினோம். இன்னொரு விஷயம், பாரம் குறையக் குறைய காரின் முன்பக்கம் ஸ்பிரிங்கில் எழும்பிக்கொண்டே வரும், நீங்கள் நினைத்ததைவிட இன்னும் உயரமாகத் தூக்க வேண்டியிருக்கும். தூக்கியதும் என்ஜினை நகர்த்தாதீர்கள், காரைப் பின்னால் தள்ளுங்கள்.

உதிரிப்பாகத்துக்கு வந்தால், 800இன் உற்பத்தி இந்தியாவில் 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது, ஆனாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். என்ஜின் மொடலை எஃப்8பி என்று சொல்லிக் கேளுங்கள், ஒம்னி வானிலும் அதே என்ஜின்தான். 796 சீசி என்று மட்டும் சொன்னால் ஆல்ட்டோவின் சாமானைத் தந்துவிடுவார்கள். அதுவும் மூன்று சிலிண்டர், 796 சீசி, ஆனால் சிலிண்டருக்கு நாலு வால்வு, ஹெட் காஸ்கட் பொருந்தாது. போர் பண்ணுவதற்குப் பதிலாக வேறு என்ஜினே வாங்கிப் பூட்டுவதாக இருந்தால், உங்கள் வாகனப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும்.

இறக்கியதோடு இறக்கியதாக கிளச் பிளேட், டைமிங் பெல்ட், கிராங்கின் இரண்டு பக்கத்து ஒயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பூட்டும்போது கிளச் பிளேட் நடுவில் நிற்காவிட்டால் கியர் பெட்டி கடைசி அரை இஞ்சியில் முரண்டு பிடிக்கும். நாங்கள் தும்புத்தடிக் கம்பில் துவாரத்தின் அளவுக்குப் பிளாஸ்டர் சுற்றி நடுப் பார்த்தோம். போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கியர் பெட்டியின் கூடு வெடித்துவிடும். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும் முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டாட்டரைச் சுற்றுங்கள். கியர் ஒயில் விட்டீர்களா என்று இரண்டு பேராகப் பாருங்கள்.

மாமரம் வேண்டாம். கொப்பு முறியாவிட்டாலும் வளைந்து ஆடும், என்ஜின் பொனட் விளிம்பில் இடிக்கும். நாங்கள் இரண்டு இஞ்சி இரும்புக் குழாய் மூன்றை மேலே சேர்த்து போல்ட் போட்டு, கால்கள் விரிந்துவிடாமல் கீழே சங்கிலியால் பிணைத்து நிறுத்தினோம். நிலம் மணல் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகை வைத்தோம். செயின் புளொக்கை ஒரு கராஜில் நாள் வாடகைக்கு எடுத்தோம், என்ஜினை இறக்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள்.