சூப்பர்சார்ஜர் போட்ட டிராக் ரேஸ் காருக்கு எந்த கேம்ஷாஃப்ட் போடலாம்?

கேள்வி கேட்டவர் பழைய மாருதி எஸ்டீம் 1.3 எஞ்சினில், மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்தியிருக்கிறார். பூஸ்ட், அதாவது அது தரும் கூடுதல் காற்றழுத்தம், 10 பிஎஸ்ஐ. 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் (drag) ஓட்டத்துக்காக 280 டிகிரி ரேஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது, போடலாமா என்கிறார்.

போடாதீர்கள். ஏறக்குறைய இதே அமைப்பில் இதே மாதிரி கேமைப் போட்டு நான் ஒரு சீசனையே இழந்திருக்கிறேன்.

சூப்பர்சார்ஜர் வருவதற்கு முன்பு அந்தக் கேம் என் வண்டியில் அருமையாக ஓடியது. அந்த நம்பிக்கையில் அதை அப்படியே விட்டுவிட்டேன். 10 காட்ட வேண்டிய பூஸ்ட் மீட்டர் 7-க்கு மேல் ஏறவில்லை. பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்து டென்ஷனரை மாற்றினேன், அப்புறம் சின்ன புல்லி போட்டேன். மீட்டர் 8-க்கு வந்தது, சூடு மட்டும் பல மடங்கு ஏறியது. ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று காட்ட, பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச்செவேல் என்று பழுத்தது. கடைசியில் புதுப்பேட்டையில் எஞ்சின் வேலை பார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "கம்பெனி கேமைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார். போட்டேன். மீட்டர் 10-ஐத் தொட்டது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தில் அரை வினாடிக்கு மேல் நேரம் குறைந்தது.

காரணம் ஓவர்லேப். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்லெட் வால்வு திறந்துவிடுகிறது. பிஸ்டன் உச்சியில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இரண்டுமே திறந்திருக்கும். சாதாரண எஞ்சினில் இது வரம். வெளியே ஓடும் புகை புதுக் காற்றைத் தன்னோடு இழுத்து வரும். சூப்பர்சார்ஜர் இருந்தால் இழுக்க ஆள் தேவையில்லை, பின்னாலிருந்தே தள்ளுகிறது. இரண்டு கதவும் திறந்திருந்தால் தள்ளிய காற்றும் பெட்ரோலும் நேராக சைலன்சருக்குப் போய்விடும். எரியாமல் போன அந்தக் காற்றில் இருந்த ஆக்சிஜனைத்தான் என் சென்சார் பார்த்து ஏமாந்திருக்கிறது.

ஓவர்லேப் எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். டியூரேஷன் என்பது வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பது, லோப் செபரேஷன் என்பது கேமில் இன்லெட், எக்ஸாஸ்ட் மேடுகளின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணம். இன்லெட், எக்ஸாஸ்ட் டியூரேஷன் இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்து, அதில் லோப் செபரேஷனைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். 280/280, செபரேஷன் 106 என்றால் 68 டிகிரி. 260/270, செபரேஷன் 114 என்றால் 37 டிகிரி. சாதாரண ரேஸ் கேமில் செபரேஷன் 106, 108 என்று இருக்கும். சூப்பர்சார்ஜருக்கு 112 முதல் 116 வரை போவார்கள். எஸ்டீமில் ஒரே கேம்தான் இரண்டு பக்க வால்வையும் திறக்கிறது, அதனால் செபரேஷனைப் பிறகு மாற்ற முடியாது. கேமின் மேடுகளைக் கடைந்து கிரைண்டிங் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இரட்டை கேம் எஞ்சின் என்றால் அட்ஜஸ்டபிள் கியரை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது எக்ஸாஸ்ட். உள்ளே போகும் காற்றுக்கு உதவ சூப்பர்சார்ஜர் இருக்கிறது, வெளியேறும் புகைக்கு யாரும் இல்லை. எரிவதும் அதிகம், வெளியேற வேண்டியதும் அதிகம். அதனால்தான் எக்ஸாஸ்ட் டியூரேஷனை இன்லெட்டைவிட 8 முதல் 12 டிகிரி வரை கூட்டி வைக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் திறந்தால், பிஸ்டன் மேலே வந்து தள்ளுவதற்கு முன்பே பாதி அழுத்தம் தானாக வெளியேறிவிடும். கேம் வாங்கும்போது எல்லோரும் இன்லெட் எண்ணைத்தான் கேட்கிறார்கள். சூப்பர்சார்ஜர் வண்டிக்கு நான் முதலில் எக்ஸாஸ்ட் எண்ணைத்தான் கேட்பேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூஸ்ட் மீட்டர் காட்டுவது எஞ்சினுக்குள் போகாமல் வெளியே தேங்கி நிற்கும் காற்றின் அழுத்தத்தை. கேம் மாற்றியதும் மீட்டர் இறங்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்குகிறது என்றும் இருக்கலாம், காற்று வீணாக ஓடுகிறது என்றும் இருக்கலாம். 402 மீட்டர் முடிவில் வரும் வேகத்தைப் பாருங்கள். பூஸ்ட் இறங்கியும் வேகம் ஏறினால் கேம் சரி, இரண்டும் இறங்கினால் கேம் தப்பு. இந்தச் சோதனையை இரவில் ஈசிஆரில் செய்யாதீர்கள். போட்டி நாளில் தளத்தில் மட்டும் செய்யுங்கள். ரோட்டில் எதிரே வருபவர்களுக்கு உங்கள் கேமைப் பற்றி எதுவும் தெரியாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதம் 40 டிகிரி காற்றை எம்45 போன்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் 10 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் அது 110, 120 டிகிரிக்குப் போய்விடும். நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தட்டுவது) அங்கேதான் தொடங்குகிறது. இன்லெட் வால்வு கொஞ்சம் தாமதமாக மூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் சற்றுக் குறையும், நாக்கிங்கும் தள்ளிப்போகும். அதிகம் தாமதித்தால் ஸ்டார்ட்டில் வண்டி சோம்பும். எம்45 கீழ் ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் தருவது. அந்த வசதியைப் பெரிய டியூரேஷன் கேம் கெடுத்துவிடும். சென்ட்ரிஃபியூகல் வகை என்றால் பூஸ்ட் ஆர்பிஎம்மோடு ஏறும், அங்கே கொஞ்சம் பெரிய கேம் தாங்கும்.

ஸ்பிரிங்கை மறக்காதீர்கள். 36 மி.மீ. இன்லெட் வால்வின் முதுகில் 10 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 7 கிலோ எடை. அது ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கப் பார்க்கும், ஸ்பிரிங் அந்த அளவுக்குக் கூடுதல் பலத்தோடு இருக்க வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளியைக் களிமண் வைத்து அளந்துவிடுங்கள்: இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

ஆக, இப்போதைக்கு கம்பெனி கேமோடு ஓட்டி நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு 260/270, 114 என்று கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். அந்த டிகிரி எந்த லிஃப்ட்டிலிருந்து (வால்வு எழும் உயரம்) அளந்தது என்று கட்டாயம் கேளுங்கள். நான் இங்கே சொன்னது வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து. சிலர் 1 மி.மீ. லிஃப்ட்டிலிருந்து அளந்து சொல்வார்கள், அப்போது அதே 260 ரொம்பப் பெரிய கேம். இரண்டு கேமிலும் ஓட்டிய நேரமும் வேகமும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.