டாலஸ் விபத்தைப் படித்துவிட்டுப் பயப்படும் அம்மாவுக்கு

அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1985-ல் நடந்த விமான விபத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து, மழைக்காலத்தில் விமானமே ஏறமாட்டேன் என்று அம்மா அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று டெல்டா நிறுவனத்தின் 191-ஆம் எண் விமானம் இடிமேகத்தின் அடியில் புகுந்துதான் தரையிறங்க முயன்றது. முதலில் எதிர்காற்று தூக்கிவிட்டது. சில நொடிகளிலேயே மேலிருந்து கொட்டிய காற்று அமுக்கியது, பின்காற்று வேகத்தைப் பறித்தது. ஓடுபாதைக்கு முன்பே நெடுஞ்சாலையில் ஒரு காரை நசுக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டிகளில் மோதியது. 137 பேர் இறந்தார்கள். எதிரே மின்னலைப் பார்த்துத் துணை விமானி சொல்லியும் இருக்கிறார். எனக்கு உறுத்துவது அதுதான்.

அதற்குப் பிறகுதான் காற்று திடீரென மாறுவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. விமானி இறங்காமல் வானில் வட்டமடித்தால், இடிமேகத்தைத் தவிர்க்கிறார் என்று அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். ஜன்னல் இருக்கை மட்டும் வேண்டாம்.