தம்பியின் நோட்டுகளைப் பழைய பேப்பரில் போடலாமா?

கேள்வி: தம்பிக்கு வயது 26. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் நோட்டு நோட்டாக ஒரே வீட்டை வரைந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்குகிறான். இதனால் நோய் முற்றிவிடும், எல்லாவற்றையும் பழைய பேப்பரில் போடு என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?

பதில்: போடாதீர்கள். வரைவதால் இந்த நோய் முற்றாது. பேச்சு குறைந்துபோவது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான். வாயால் சொல்ல முடியாததை அவர் கையால் சொல்லப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் 1909-இல் சேர்க்கப்பட்டவர் எம்மா ஹௌக். கணவருக்கு அவர் எழுதிய கடிதங்களில் 'செல்லமே வா' என்பதைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. எழுத்தின் மேலேயே எழுத்தாக, தாள் கறுத்துப்போகும் அளவுக்கு அதையே எழுதினார். சற்றுத் தள்ளிப் பார்த்தால் வெறும் பென்சில் தீற்றல். அவை கணவரிடம் போய்ச் சேராமல் மருத்துவமனைக் கோப்பிலேயே தங்கிவிட்டன. இன்று அதே ஊரில், மனநோயாளிகளின் படைப்புகளைப் பாதுகாக்கும் பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில் இருக்கின்றன. அந்த எழுத்து நோயின் அடையாளமும்தான், ஒருவரைக் கூப்பிட்ட குரலும்தான். இந்த இரண்டாவதை நாம் சுலபமாக விட்டுவிடுகிறோம், எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அதனால் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'ஏன் இதையே வரையுற?' என்று கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். 'இந்த வீட்டுல யாரு இருக்காங்க?' என்று கேட்கலாம். பதில் வராவிட்டாலும் சரி, நீங்களும் ஒரு தாளில் எதையாவது வரைந்து அவரிடம் காட்டுங்கள். கறுப்பு என்றால் சோகம், கதவில்லாவிட்டால் பயம் என்று இணையத்தில் வரும் விளக்கங்களை மட்டும் நம்பாதீர்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி போடச் சொல்லுங்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1946-இல் மனநோயாளிகளுக்கு ஓவியக்கூடம் திறந்த மருத்துவர் நீஸே ட சில்வெய்ரா, படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் வரிசையாக வைத்துப் பார்த்தார். மாற்றம் அப்படித்தான் தெரியும்.

சாவு, விடைபெறுதல், ஏதோ குரல் கட்டளையிடுவது போன்றவை அந்த எழுத்தில் வந்தாலோ, தூக்கமே இல்லாமல் ராப்பகலாக எழுதினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண்ணிலும் எந்நேரமும் பேசலாம். மாத்திரை கட்டாயம் தொடர வேண்டும், ஓவியம் அதற்கு மாற்றல்ல.

அப்புறம், அவர் சம்மதமில்லாமல் எதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுவதற்கும் அவரைக் கேளுங்கள். அங்கே கிடைப்பது சில நிமிடங்கள்தான். இரண்டு மூன்று பக்கங்கள் போதும், எவை என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.