வீட்டில் ‘ஏதோ’ இருக்கிறதா? கேள்வி பதில்

வீடு வாங்குபவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். ஒயரிங், குழாய், கசிவு, விரிசல் எல்லாம் பார்ப்பேன். இந்த 20 ஆண்டுகளில், “வீட்டில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது, ஒருமுறை வந்து பாருங்கள்” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கூப்பிட்டவர்களும் நிறைய. பேயை இதுவரை பார்த்ததில்லை. ஆனால் போன வீடுகளில் பாதிக்கு மேல் சரிசெய்ய வேண்டிய ஏதோ ஒன்று இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: அண்ணா, தாத்தா காலத்து வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மாடியில் யாரோ நடக்கிற சத்தம். சில நாள் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரியும் கேட்கிறது. மாடியில் யாருமே இல்லை.

பதில்: எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான் தம்பி. பகல் முழுக்கச் சூடேறி விரிந்த கூரை, மரச்சட்டம், குழாய் எல்லாம் இரவில் சுருங்கும். சீராகச் சுருங்காது. ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு ‘டக்’கென்று விடும். அதுவே அடுத்தடுத்த சட்டங்களில் நடந்தால் காலடி போலவே இருக்கும். கோலிக்குண்டுச் சத்தத்துக்கு முதலில் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஓடுகிற தண்ணீர் சட்டென்று நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் எகிறி அடிக்கும். பிடிப்பு தளர்ந்த குழாய் சுவரில் தட்டும். அடுத்தது எலி. காய்ந்த கொட்டை ஒன்றை அது உருட்டிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டால் எலி என்றே சொல்லமாட்டீர்கள்.

யோசித்துக்கொண்டே படுத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: நாள், மணி, எந்த இடத்தில், யாருக்குக் கேட்டது, அப்போது மோட்டார் ஓடியதா, காற்று அடித்ததா. ‘அடிக்கடி’ என்று எழுதக்கூடாது, மணிதான் வேண்டும். முக்கியமாக, வீட்டில் உள்ளவர்கள் தனித்தனியாக எழுதுங்கள். பேசிவைத்துக்கொண்டு எழுதினால் ஒருவர் பயம் எல்லோர் நோட்டிலும் ஏறிவிடும். தூங்கப்போகும் முன் மாடித் தரையில் மெல்லியதாக ஏதாவது மாவைத் தூவி வையுங்கள். காலையில் தடம் இருந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சார், ஒரு மாதமாக வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு. தங்கை இரண்டு முறை நடையில் கறுப்பாக ஒரு ஆள் நிற்பதைப் பார்த்ததாகச் சொல்கிறாள். பூனை சுருண்டே கிடக்கிறது. பாட்டி, இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, காலிசெய்துவிடலாம் என்கிறார். வெளியூர் போனால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். குளியலறையில் கேஸ் ஹீட்டர் உண்டு.

பதில்: மற்ற கேள்விகள் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. இப்போதே ஹீட்டரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டி, பூனை உட்பட எல்லோரும் வெளியே வாருங்கள். அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கேஸ், விறகு, கரி, பெட்ரோல் எது சரியாக எரியாவிட்டாலும் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். இல்லாதது கண்ணில் தெரியவும் செய்யும். வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் ஒன்றாக உடம்பு சரியில்லை, வெளியே போனால் சரியாகிறது, வளர்ப்புப் பிராணியும் சுருண்டு கிடக்கிறது: இது அதன் கையெழுத்து.

1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். 1912இல் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோன குடும்பம் அது. இரவில் காலடிச் சத்தம், படுக்கையருகே அந்நிய உருவங்கள், பிள்ளைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள் பட்டுப்போயின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலையின் புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்த பிறகு ஆவிகளும் வரவில்லை.

இன்னொன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மருத்துவரிடம் ‘கார்பன் மோனாக்சைடு சந்தேகம்’ என்று வாய்விட்டுச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நல்ல காற்றில் நேரம் போகப் போக அளவு இறங்கிவிடும், அதனால் தாமதிக்க வேண்டாம். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் விழிப்பு வருகிறது. கைகால் அசையவில்லை. மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கத்த முடியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு நாலாவது முறை.

பதில்: அமுக்குவான் பேய் என்று நம்மவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். கனவு வரும் உறக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைப் பூட்டிவைக்கும், இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து விழுவோம். சில நேரம் விழிப்பு முதலில் வந்து, பூட்டு திறக்கத் தாமதமாகும். கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் மார்பில் பாரமும் அறையில் ஆளும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்குப்படி 100 பேரில் 7, 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. தூக்கம் கெட்டால் அதிகமாகும், மல்லாந்து படுத்தாலும். புது வீடு, சாமான் ஏற்றி இறக்கிய அலுப்பு, சரியான தூக்கமில்லை. வீட்டுக்கும் இதற்கும் உள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுங்கள். வரும்போது உடம்பையே தூக்க முயலாமல் ஒரு கால் விரலை அசைக்கப் பாருங்கள். பகலிலும் அடக்கமுடியாமல் தூக்கம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறது. இன்னொன்று, சாயங்காலம் ஹால் விளக்கு மங்கும்போது சமையலறை விளக்கு பளிச்சென்று ஏறுகிறது. மாமியார் பயப்படுகிறார்.

பதில்: இரண்டும் வேறு வேறு. அணைத்த எல்ஈடி மினுக்குவதற்கு மிகச் சிறிய கசிவு மின்சாரமே போதும். ஸ்விட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலே வரும். ஆனால் ஸ்விட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருந்தாலும் இப்படித்தான் எரியும். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், பல்பு மாற்றும் கைக்கு ஷாக் அடிக்கும்.

ஒன்று மங்க ஒன்று ஏறுவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கும்போது இப்படி ஆகும். சாதனங்கள் புகையலாம், தீயும் பிடிக்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மாமியார் பயப்பட்டது நியாயம்தான், யாரைப் பார்த்துப் பயப்படுவது என்பதில்தான் தவறிவிட்டார்.

கேள்வி: சிசிடிவியில் இரவில் வெள்ளை உருண்டைகள் மிதக்கின்றன!

பதில்: தூசி. லென்ஸுக்கு அருகில் பறக்கும் தூசியிலும் பூச்சியிலும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பட்டுத் திரும்பினால் உருண்டையாகத் தெரியும். லென்ஸைத் துடைத்து, சிலந்தி நூலையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாய் சுவரையே பார்த்து உறுமுகிறது.

பதில்: நம் காதுக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான். நாயின் காது 40,000ஐயும் தாண்டும். எலிகள் அந்த உயரத்தில்தான் பேசிக்கொள்கின்றன. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: அம்மா இறந்து ஐந்து மாதம். அப்பா, “அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்” என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். எங்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: இதற்கு டெஸ்டரை எடுத்துக்கொண்டு வரமாட்டேன். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் என்பவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் எழுதினார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் குரல் கேட்டார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அப்பா உங்களிடம் சொல்கிறாரே, அதைக் கெடுத்துவிடாதீர்கள். திருத்த வேண்டாம், “என்ன சொன்னாள்?” என்று கேளுங்கள். அவர் பயந்தால், சாப்பிடாமல் தூங்காமல் போனால், அல்லது தெரியாத ஆட்களும் வர ஆரம்பித்தால் மருத்துவர். வயதானவர்களுக்குப் பார்வை குறையும்போது மூளை தானாகவே உருவங்களைக் காட்டுவதுண்டு. சார்ல்ஸ் பானே என்பவர் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை 1760லேயே எழுதிவைத்தார். இன்று அந்த நிலைக்கு அவர் பெயர்தான். அதனால் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பின்கட்டு அறைக்குள் போனாலே உடம்பு சிலிர்க்கிறது. காதுக்குக் கேட்காத ஒலிதான் காரணம் என்று படித்தேன். உண்மையா?

பதில்: கதை சுவாரசியமானது. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் இரவில் ஆய்வகத்தில் தனியாக இருந்தபோது கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைப் பார்த்தார். திரும்பினால் இல்லை. மறுநாள் தன் வாள்சண்டைக் கத்தியை இடுக்கியில் பிடித்துவைத்தபோது அது தானாக அதிர்ந்தது. புதிதாக மாட்டிய மின்விசிறி ஒன்று, காதுக்குக் கேட்காத அளவு தாழ்வாக, சுமார் 19 ஹெர்ட்ஸில் அறையையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் அது நின்றது. 1998இல் இதைக் கட்டுரையாக எழுதினார்.

ஆனால் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். லண்டனில் ஓர் அறையைக் கட்டி, 79 பேரை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, அந்தத் தாழ்ஒலியையும் காந்தப் புலத்தையும் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. பலருக்கு விசித்திர உணர்வுகள் வந்தன, ஆனால் கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏதாவது நடக்கலாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம். உங்கள் அறையில் முதலில் ஜன்னல் இடுக்குக் காற்றையும் வெளிச்சத்தையும் பாருங்கள். ஒரு நல்ல விளக்கு போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பேய் உண்டா இல்லையா?

பதில்: நான் பார்த்த வரையில் இல்லை. ஆனால் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் 1991இல் ஒரு வீட்டில் பேய் இருப்பதாகவே சட்டப்படி ஏற்றுக்கொண்டது! விற்றவர் அங்கே ஆவி உண்டு என்று ஊருக்கெல்லாம் விளம்பரப்படுத்திவிட்டு, வாங்க வந்தவரிடம் மட்டும் மறைத்திருந்தார். இனி அவர் இல்லையென்று மறுக்க முடியாது என்று சொல்லி, வாங்கியவரை ஒப்பந்தத்திலிருந்து விலக அனுமதித்தார்கள்.

கேள்வி: சார், கேஸ் ஹீட்டர் பற்றிக் கேட்டது நான்தான். ஆள் வந்து பார்த்தார். ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பில் கழன்று, புகை எல்லாம் கூரைக்கு உள்ளேயே போயிருக்கிறது. ரத்தத்திலும் அளவு கூடுதல் என்றார்கள். இப்போது எல்லோரும் நலம், பூனையும். தம்பி பாட்டியைக் கிண்டல் செய்துகொண்டே இருக்கிறான்.

பதில்: மனசு லேசானது. புதுக் குழாய் போட்ட பிறகும் படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள், தளத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். அப்புறம் தம்பியிடம் சொல்லுங்கள்: இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, காலிசெய்யலாம் என்று முதலில் சொன்னது பாட்டிதான். இரண்டுமே சரி.