டர்போவுக்குள் போல்ட்: சர்வீஸ் சென்டர் கை கழுவ முடியுமா?

கேள்வி: என்னுடையது டர்போ பெட்ரோல் கார். நான்கு வருடம் ஆகிறது, வாரண்டி முடிந்துவிட்டது. போன மாதம் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் செய்தேன். பில் 11,800 ரூபாய். அப்புறம் 600 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கோவையிலிருந்து ஈரோடு போகும் வழியில், செங்கப்பள்ளி அருகே விசில் மாதிரி ஒரு சத்தம். வண்டியில் இழுவை இல்லை. மெதுவாக ஓட்டிப் போனேன். விஜயமங்கலம் வருவதற்குள் புகை வந்து நின்றுவிட்டது. அவர்களே டோ செய்து எடுத்துப்போனார்கள். டர்போவைக் கழற்றியபோது உள்ளே இருந்த நசுங்கிய சின்ன போல்ட்டைக் காட்டினார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது "அது எப்படி வந்ததென்று தெரியாது, இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும்" என்று 2.40 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்து, கையெழுத்து கேட்கிறார்கள். போடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் பார்க்கிங் கட்டணமாம். போட்டால் 'குட்வில்' என்று 20 சதவீதம் தள்ளுபடி. என்ன செய்வது? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
— கோவை வாசகர்

பதில்: முதலில், கையெழுத்து போடாதீர்கள். இன்ஜின் இன்னும் திறக்கப்படவில்லை என்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய பலம். நீங்கள் இல்லாத நேரத்தில் அதைப் பிரித்துவிட்டால், எது எங்கே கிடந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. ஏர் ஃபில்டருக்கும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கடைசியாகக் கழற்றியது யார்? வெளியிலிருந்து வரும் எந்த போல்ட்டும் ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போக முடியாது. ஃபில்டருக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தால்தான் போகும். சர்வீஸில் ஃபில்டர் மாற்றும்போதோ ஹோஸைக் கழற்றும்போதோ ஒரு போல்ட் நழுவி விழுந்திருக்கலாம். சரியாக முறுக்காத ஒன்று ஓட்டத்தில் கழன்றிருக்கலாம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றக்கூடியது. அந்த வேகத்தில் கடுகளவு இரும்பு பட்டாலே இறக்கை சிதையும்; போல்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

காயம் எங்கே என்பதும் சாட்சி சொல்லும். காற்று நுழையும் பக்கத்துச் சக்கரத்தில், இறக்கையின் முன்விளிம்பு நசுங்கியிருந்தால், பொருள் அந்தக் காற்றுக் குழாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்தப் பக்கம் நன்றாக இருந்து புகை வெளியேறும் பக்கத்துச் சக்கரம் மட்டும் அடி வாங்கியிருந்தால், இன்ஜினுக்குள் உடைந்த ஏதோ ஒன்று வெளியே வந்திருக்கிறது. அது வேறு கதை. ஆயில் கிடைக்காமல் போன டர்போவாக இருந்தால் பேரிங்கும் தண்டும் சூட்டில் நீலம் பாய்ந்து நிற்கும். "நீங்கள் ஆயில் சரியாக மாற்றவில்லை" என்று நாளை அவர்கள் சொன்னால், அந்த நீலம் இல்லை என்பதைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

எனவே நாளைக்கே ஒரு மெயிலும், டெலிவரி சான்றுடன் ஒரு ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். "போல்ட், டர்போ, குழாய், பழைய ஃபில்டர் எதையும் அப்புறப்படுத்தக் கூடாது. என் முன்னிலையிலும் நான் அழைத்து வரும் பொறியாளர் முன்னிலையிலும்தான் இன்ஜினைத் திறக்க வேண்டும்" என்று எழுதினால் போதும். வாகனச் சேதம் மதிப்பிடும் சர்வேயரையோ, இன்ஜினியரிங் கல்லூரியின் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியரையோ அழைத்துப் போகலாம். அவர் முன்னால் ஃபில்டர் பெட்டி, குழாய், கிளாம்ப் எல்லாவற்றிலும் போல்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஓரிடம் காலியாக இருந்து, அந்த நசுங்கிய போல்ட்டின் அளவும் அதற்குப் பொருந்தினால், பாதி வழக்கு முடிந்த மாதிரி. போட்டோவை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டம் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? காசு வாங்கிச் செய்த வேலையில் குறை இருந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 2(11) பிரிவில் வரும் சேவைக் குறைபாடு. ஆனால் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் தருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "போல்ட் இருந்தது, அதனால் நீங்கள்தான்" என்று மட்டும் சொல்லி நின்றால் தோற்கலாம். அதனால்தான் பொறியாளர் அறிக்கையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். அது கையில் இருந்தால் சுமை மறுபக்கம் சாயும். அன்று யார் கழற்றினார், யார் முறுக்கினார், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்தாரா என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஒருவருக்கே குறிப்பாகத் தெரிந்ததை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி.

பார்க்கிங் கட்டணம் வெறும் மிரட்டல் என்றுதான் நினைக்கிறேன். ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவின்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை உண்டு. டர்போவைக் கழற்றியதற்கு வேண்டுமானால் ஏதாவது கேட்கலாம். செய்யாத இன்ஜின் வேலைக்காகப் பிடித்து வைக்க முடியாது. வண்டியை விடும்போது வேலை விவரம் எழுதித் தரும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பார்க்கிங் பற்றி ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பொடி எழுத்தில் "சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்றும் இருக்கும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அவர்களுடைய கவனக்குறைவை அந்த ஒரு வரி அழித்துவிடாது.

இன்ஷூரன்ஸில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். வழக்கமான பாலிசி இயந்திரக் கோளாறை விலக்கியே வைத்திருக்கிறது. கூடுதலாக 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற காப்பீட்டை எடுத்திருந்தாலும், அது பெரும்பாலும் தண்ணீர் புகுவதற்கும் ஆயில் கசிவுக்குமானது. பாலிசியை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். விசில் கேட்ட பிறகும் செங்கப்பள்ளியிலிருந்து விஜயமங்கலம் வரை ஓட்டியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார். இழப்பைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்தாரா என்று சட்டம் கேட்கும். டர்போவின் விலைக்கு இது பாதிப்பில்லை; இன்ஜினுக்கான தொகையில் கொஞ்சம் வெட்டு விழலாம். மறைக்காமல் புகாரிலேயே சொல்லிவிடுங்கள். சர்வீஸுக்கு அப்புறம் வேறு எந்த மெக்கானிக்கிடமும் பானெட்டைத் திறக்கவில்லைதானே? திறந்திருந்தால் எனக்கு இப்போதே எழுதுங்கள்.

புகாரை நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் முடியும். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, செலுத்திய தொகையை வைத்து. 11,800 ரூபாய் சர்வீஸ் என்பதால் கட்டணமே இல்லை. கால வரம்பு இரண்டு வருடம். கார் கம்பெனியையும் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகாது என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. போல்ட் தொழிற்சாலையிலிருந்தே தளர்வாக வந்தது என்று அறிக்கை சொன்னால் மட்டும் சேருங்கள். புகார் கொடுக்கும் முன், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டு ஒரு புகார் எண் வாங்கி வையுங்கள். சில நேரம் அதிலேயே பேச வந்துவிடுவார்கள்.

நான் சின்ன வயதில் பார்த்த மெக்கானிக் ஒருவர், கழற்றிய நட்டு போல்ட்டெல்லாம் ஒரு ஈயத் தட்டில் போட்டு வைப்பார். தட்டு காலியாகாமல் வண்டியை ஸ்டார்ட் செய்ய மாட்டார். இனி சர்வீஸ் விட்டால், டர்போவுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயைக் கழற்றினார்களா, முறுக்கிய போல்ட்டில் பெயின்ட் குறி வைத்தார்களா என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் விசிலோ இழுவைக் குறைவோ தெரிந்தால் அங்கேயே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

20 சதவீதத் தள்ளுபடி வேண்டாம். டர்போவும் கூலியும் முழுக்க அவர்கள் செலவு, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் மாற்றித் தர வேண்டும் என்று கேளுங்கள். இன்டர்கூலரை ஏன் சொல்கிறேன் என்றால், உடைந்த துணுக்குகள் அதற்குள் தங்கியிருந்து புது டர்போ போட்ட பிறகு இன்ஜினுக்குள் போகும். இதற்கு ஒத்துக்கொண்டால் சமரசம் செய்யலாம். ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகத்தில், வண்டி 5,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும் வரை கையெழுத்து போடாதீர்கள்.