வாசகர் கேள்வி – பதில்: சீசன் வீட்டில் கஞ்சா வாடை

கேள்வி: குற்றாலம் பேரருவிக்குச் சற்றுத் தள்ளி, என் கணவர் கட்டிய வீட்டின் மாடியைச் சீசன் மாதங்களில் நாள் வாடகைக்கு விடுகிறேன். ஆனி மாதம் வந்து தங்கிய நான்கு இளைஞர்கள் இரவில் கஞ்சா புகைத்த வாடை, கீழே படுத்திருந்த எனக்கே வந்தது. வாடகை வாங்கிய பிறகு அறைக்குள் என்ன செய்தால் நமக்கென்ன என்கிறான் மகன். உடனே போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். நான் வாய் திறக்கவில்லை. காலையில் அந்தப் பிள்ளைகள் பாத்திரங்களைக் கழுவி வைத்து, “வர்றோம் ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இருந்த விதம் சரியா?
— ஒரு வாசகி, மேலகரம்

பதில்: அந்த இரவில் நீங்கள் தனியாக மாடியேறிப் போகாததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகன் சொல்வதைச் சட்டம் ஏற்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா புகைப்பவருக்கு 27ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. உங்களைத் தொடுவது 25ஆம் பிரிவு: தம் வீட்டிலோ அறையிலோ இத்தகைய குற்றம் நடக்கத் தெரிந்தே இடங்கொடுப்பவருக்கும் அதே தண்டனைதான். ‘தெரிந்தே’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருநாள் வாடை வந்ததாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடமாட்டீர்கள். அதே குழுவுக்கு அடுத்த ஆண்டும் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தால், தெரியாது என்று சொல்லும் வாய்ப்பை நீங்களே இழக்கிறீர்கள்.

கனடாவில் 2018 முதல் இதற்குத் தடையில்லையே என்று வெளிநாட்டில் இருந்து வந்த விருந்தினர் யாராவது வாதிட்டால், அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே செல்லாது என்று சொல்லிவிடுங்கள். அங்கேயும் தம் வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று நிபந்தனை போடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் சொல்வது போல முதல் வாடைக்கே போலீசை அழைப்பதும் எனக்கு உகந்ததாகப் படவில்லை. முன்பே சொல்லாத விதியை மீறினார்கள் என்று இருபது வயதுப் பிள்ளைகளின் மேல் வழக்கு விழச் செய்வதைவிட, முன்பதிவின்போதே வீட்டில் எந்தப் புகையும் கூடாது, மீறினால் அன்றே காலி செய்ய வேண்டும், முன்பணம் திரும்பாது என்று எழுதி அனுப்பி, சாவி கொடுக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. அப்படியும் மீறினால், மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ துணைக்கு வைத்துக்கொண்டு வாசலில் நின்றே வெளியேறச் சொல்லுங்கள். மறுத்தாலோ, பொட்டலம் கைமாறுகிறது என்று தெரிந்தாலோ, அப்போது 10581 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று, சட்டப் புத்தகத்தில் இல்லாதது. சாரல் நாளில் இலவம்பஞ்சு மெத்தையில் ஏறிய புகைவாடை, காயப்போட வெயில் இல்லாமல் அப்படியே தங்கிவிடும். அடுத்து கைக்குழந்தையோடு வரும் குடும்பம் அதில்தான் படுக்க வேண்டும். அறைக்குள் நடப்பது நமக்கென்ன என்று கேட்கும் உங்கள் மகனிடம், அந்த மெத்தையை ஒருமுறை மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.