குதிகால்ல குத்தி எடுக்கற ரத்தம் – கேள்வி பதில்

பொறந்த குழந்தைங்களோட ரத்தத்துல மெட்டபாலிக் நோய் (சாப்பாட்ட உடம்பு சரியா உடைச்சு பயன்படுத்த முடியாத கோளாறு) இருக்கான்னு பாக்கற லேப்ல ஆராய்ச்சி பண்றேன். நேத்து வந்த கேள்விங்களுக்கு பதில் இது. ரிப்போர்ட் போட்டோ மட்டும் அனுப்பாதீங்க, குழந்தைய பாக்காம வைத்தியம் சொல்ல மாட்டேன்.

மதுரை அப்பா: குழந்தை 3 கிலோ, நல்லா பால் குடிக்குது. எதுக்கு வீணா குதிகால்ல குத்தி அழ வைக்கணும்?

நல்லா இருக்கற குழந்தைக்குத்தான் இந்த டெஸ்ட்டே. வயித்துல இருக்கறவரைக்கும் குழந்தையால உடைக்க முடியாதத அம்மா உடம்பு பாத்துக்குது, அதனால பொறக்கறப்ப முகத்துல ஒண்ணும் தெரியாது. நார்வேல ஒரு அம்மா, ரெண்டு குழந்தைக்கும் ஏன் மூளை வளரலன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சாங்க, கடைசியா 1934ல ஆஸ்பியோர்ன் ஃபெல்லிங்ங்கற டாக்டர் அந்த குழந்தைங்களோட மூத்திரத்துல ஃபெர்ரிக் குளோரைடு விட்டு பாத்தார், பச்சையா மாறுச்சு. புரதத்துல இருக்கற ஃபினைல்அலனின உடைக்க முடியாம அது ரத்தத்துல தேங்கி மூளைய கெடுக்குது, அதத்தான் பி.கே.யூன்னு சொல்றோம். காரணம் தெரிஞ்சும் அந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் செய்ய முடியல. 1950கள்ல இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல டாக்டர் ஹோர்ஸ்ட் பிக்கெல் குழு ஃபினைல்அலனின் கொறச்ச உணவ ஒரு குழந்தைக்கு குடுத்து பலன் இருக்குன்னு காட்டுச்சு, ஆனா மூளை கெடறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சாத்தான் முழு பலன். அதுக்குத்தான் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கத்ரி 1960கள்ல ஃபில்டர் பேப்பர்ல ரத்தம் எடுக்கற வழிய கொண்டு வந்தார், அவரோட மகனுக்கே மூளை வளர்ச்சி குறைபாடு இருந்துச்சு. காஞ்ச ரத்தப் புள்ளிய சின்ன வட்டமா வெட்டி பாக்டீரியா மேல வெப்பாங்க, ஃபினைல்அலனின் அதிகமா இருந்தா அந்த வட்டத்த சுத்தி மட்டும் பாக்டீரியா வளந்து நிக்கும். இப்ப மெஷின் வந்துடுச்சு, பேப்பர் அதேதான்.

நம்ம ஊர்ல பி.கே.யூவ விட அதிகமா மாட்டறது பிறவி தைராய்டு குறைபாடு, ஏறத்தாழ ஆயிரத்துல ஒரு குழந்தைக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா குழந்தை எல்லா குழந்தை மாதிரி படிக்கும், ஓடும். இதுக்காகவாவது குத்த விடுங்க.

ஈரோடு அம்மா: 12 நாள் குழந்தை, யூரின்ல வெந்தய வாசம் வருது. நெட்ல பாத்து பயந்துட்டேன்.

பிரசவத்துக்கப்புறம் நீங்க வெந்தயக்களி சாப்பிடறீங்களா? அப்படின்னா அந்த வாசம் பால் வழியா குழந்தைக்கு போகலாம். ஆனா மேப்பிள் சிரப் யூரின் நோய்லயும் (புரதத்துல சில பகுதிய உடைக்க முடியாத பிறவி நோய்) இதே வாசம்தான் வரும், ரெண்டுலயும் வாசம் குடுக்கற பொருள் ஒண்ணு. அதனால வாசத்த விடுங்க, குழந்தைய பாருங்க: பால் குடிக்காம துவண்டு, எழுப்பினா எழும்பலன்னா இன்னைக்கே, இப்பவே ஆஸ்பத்திரி. நல்லா குடிச்சு அழுதா களிய நிறுத்திப் பாத்து நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

திருச்சி: பையன் ஒல்லியா இருக்கான், மெட்டபாலிக்கா?

வயசு, எடை சொல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. குழந்தை டாக்டர்கிட்ட க்ரோத் சார்ட் போட சொல்லுங்க.

பையன் ஒல்லின்னு வர்ற இந்த கேள்வி நேத்து மட்டும் ஏழு தடவ வந்துச்சு, அதனால இனிமே இதுக்கு பதில் கிடையாது.

நாமக்கல்: மெட்டபாலிக் நோய்னா தாய்ப்பால நிறுத்தணுமா?

நீங்களா நிறுத்தாதீங்க. கேலக்டோசீமியால (பால்ல இருக்கற சர்க்கரைய உடைக்க முடியாத நோய்) நிறுத்தியே ஆகணும், பி.கே.யூல அளந்து ஸ்பெஷல் பாலோட சேத்து தொடரலாம். எதுன்னு டெஸ்ட்தான் சொல்லும்.

விருதுநகர்: மூணு தலைமுறையா மாமன் மகளத்தான் கட்டறோம், எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். சொந்தத்துல கட்டினா இந்த நோய் வரும்னு சும்மா குத்தம் சொல்றத நிறுத்துங்க.

குத்தம் சொல்லல, அண்ணே. ஒவ்வொருத்தர்கிட்டயும் பழுதான சில ஜீன் அமைதியா இருக்கு, இணை ஜீன் நல்லா இருக்கறதால தெரியறதில்ல. அத்தை மகள், மாமன் மகள்னா ஜீன்ல எட்டுல ஒரு பங்கு பொதுவா இருக்கும், தாய்மாமனையே கட்டினா நாலுல ஒரு பங்கு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒண்ணு வாய்ப்பு. மூணு தலைமுறை தப்பிச்சிருந்தாலும் பழுது அப்படியே கைமாறி வந்திருக்கலாம்.

விருதுநகர்: அப்ப அசல்ல கட்டினா வராதா?

வரும், வாய்ப்பு கம்மி, அவ்வளவுதான். அயர்லாந்துல பி.கே.யூ அதிகம், சுமார் 4500 குழந்தைக்கு ஒண்ணு, அங்க மாமன் மகள கட்டறது ரொம்ப அபூர்வம்.

தேனி: எங்களுக்கு சொந்தத்துல கல்யாணம். மொத குழந்தை இறந்துடுச்சு, மாமியார் என் ராசின்னு சொல்றாங்க.

தங்கச்சி, உங்க ராசி இல்ல. குழந்தைக்கு இருந்தது மெட்டபாலிக் நோயா இருந்தா, அதுக்கு அப்பாகிட்ட ஒரு பழுது, அம்மாகிட்ட ஒரு பழுது, ரெண்டும் சேரணும். இத மாமியார்கிட்ட அப்படியே படிச்சு காட்டுங்க. அடுத்த குழந்தை உண்டாகறதுக்கு முன்னாடி ஜெனிட்டிக் டாக்டர பாருங்க, மொத குழந்தையோட எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துட்டு போங்க.

விழுப்புரம்: நாளைக்கு டிஸ்சார்ஜ், இன்னும் குத்தல.

எப்ப பொறந்துச்சு? 24 மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்தா பி.கே.யூ இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாம போகலாம், 48லருந்து 72 மணி நேரம் நல்லது. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி நர்ஸ்கிட்ட கேளுங்க. ரத்தம் எடுக்கற பேப்பர் கார்டுல ஃபோன் நம்பர் எழுதறப்ப நீங்க தங்கப் போற தாய்வீட்டு நம்பரயும் சேத்து எழுதுங்க. ஒரு குழந்தைக்கு தைராய்டு அளவு மோசமா வந்து நாலு நாள் தேடினோம், அம்மா பிறந்த வீட்டுக்கு போயிட்டாங்க, கார்டுல இருந்த அப்பா நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.